அடி வாங்கிய ஹெல்மெட்

மின்சார வேலை செய்கிறவர்களுக்கு எந்த ஹெல்மெட் பொருத்தம் என்று யாராவது கேட்டால், நிறுத்தாமல் அரை மணி நேரம் பேச என்னால் முடியும். யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

திருவண்ணாமலையில் சின்னதாக ஒரு எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட் நிறுவனம். டிப்ளமா முடித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். பில் போடுவது, சாமான் வாங்குவது, சைட்டைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் தலையில்தான். செங்கம் சாலையில் ஒரு பெரிய விடுதிக்கு வயரிங் வேலை கிடைத்தது. கட்டுகிறவர் பெங்களூர்க்காரர். ஹெல்மெட் இல்லாமல் ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எங்கள் ஓனர் என்னைக் கூப்பிட்டார்.

“நீதான் படிச்ச பொண்ணு. நல்லதா பாத்து வாங்கிடும்மா. கலர் மட்டும் எந்தக் கட்சிக்காரனும் சொந்தம் கொண்டாடாத கலரா இருக்கட்டும்.”

அப்படித் தேடியதில் வெள்ளைதான் மிஞ்சியது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர், உச்சியில் வரிசையாகத் துளை போட்ட ஹெல்மெட் ஒன்றை எடுத்து வைத்தார். “எல்லாரும் இதான் வாங்கினு போறாங்க. நம்ம ஊரு வெயிலுக்குக் காத்து போவ வேணாமா?”

“கரண்ட் வேலைக்கு ஓட்டை ஆவாதுங்க. மேல தொங்கற வயர் முனை உள்ள பூந்து தலையத் தொட்டுட்டா?”

வெளிப்பக்கம் இரும்பு ஆணிகூட இருக்கக் கூடாது, எத்தனை வோல்ட்டுக்குச் சோதித்தது என்று உள்ளே பொறித்திருக்க வேண்டும் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாமா, தலைக்குத் தொப்பி கேக்கறியா, கம்பத்துக்குப் பீங்கான் கேக்கறியா?”

ஆனாலும் சென்னையிலிருந்து வரவழைத்துத் தந்தார். வந்ததும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, உள்பட்டையை இழுத்துப் பார்த்து எடுத்தேன். கல்யாணப் புடவைக்குக்கூட நான் அத்தனை நேரம் செலவழித்ததில்லை.

எங்கள் ஆட்களிலேயே மூத்தவர் ஒரு வயர்மேன். பக்கத்து ஊரான அடி அண்ணாமலைக்காரர். வேலையில் கெட்டி. அவர் என்ன செய்கிறாரோ அதைத்தான் மற்றவர்களும் செய்வார்கள். அவர் ஹெல்மெட்டைத் தலையில் வைத்துப் பார்த்தார், எடுத்தார், கவிழ்த்துப் போட்டு அதற்குள் ஸ்க்ரூக்களைக் கொட்டினார்.

“நல்ல சைஸும்மா” என்றார்.

அன்றிலிருந்து ஸ்க்ரூ, டேப், பீடிக்கட்டு எல்லாம் அதற்குள்தான். பெங்களூர்க்காரரின் கார் கேட்டுக்குள் நுழைந்தால் மட்டும் அவசரமாக எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டுத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். நான் வோல்ட் கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, “சூடு ஜாஸ்திம்மா” என்றார்கள்.

என்னால் ஆகாததைக் குரங்குகள் செய்தன. மலையடிவாரத்துக் கட்டடம் என்பதால் மொட்டை மாடி அவற்றின் ராஜ்ஜியம். ஒரு நாள் சோலார் பேனலுக்குக் குழாய் பதித்துக்கொண்டிருந்த மூத்தவரின் பின்னந்தலையில் ஒன்று ஓங்கி ஓர் அறை விட்டு, அவருடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் காலையில் அவர் ஹெல்மெட்டோடுதான் படியேறினார், தாடைப் பட்டையையும் இறுக்கிக்கொண்டு. பின்னாலேயே மற்றவர்களும்.

அந்த வாரம் வந்த பெங்களூர்க்காரர் மாடியில் அத்தனை வெள்ளைத் தலைகளையும் பார்த்து அசந்துபோனார். என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். “குரங்கு சார்” என்று உள்ளதைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எவ்வளவு அடக்கம் என்று ஓனரிடம் பாராட்டிவிட்டும் போனார்.

ஆனால் மாடியில் அப்போது மின்சாரமே கிடையாது. அது இருந்தது கீழே, மெயின் சுவிட்சுகள் இருக்கும் பேனல் ரூமில். குனிந்து நிமிர இடமில்லாத அறை அது. தலைக்கு மேலே, கேபிள்களைத் தாங்கும் இரும்புத் தட்டு குறுக்கே ஓடியது. ஒரு நாள் போய்ப் பார்த்தால், கோயில் வாசலில் செருப்பு கிடப்பதுபோல அறை வாசலில் ஹெல்மெட்டுகள் வரிசையாகக் கிடந்தன.

“அண்ணா, இங்கதானே போடணும்?”

“இங்க கொரங்கு வராதும்மா” என்றார் மூத்தவர், உள்ளிருந்தே.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று மாலை அந்த அறையைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் முதல் யார் தலையில் ஹெல்மெட் இருக்கிறதோ அவர் கையில்தான் சாவி. முணுமுணுத்தார்கள். ஓனர்கூட, “வேலை லேட்டாவுதேம்மா” என்றார். நான் விடவில்லை.

அப்படி ஒரு மதியம் மூத்தவர் உட்கார்ந்து வயர்களை முடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று ஏதோ கேட்டேன். பதில் சொல்லிக்கொண்டே சட்டென்று எழுந்தார். இரும்புத் தட்டின் முனையில் தலை மோதியது. அவர் அப்படியே மறுபடி உட்கார்ந்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஹெல்மெட்டில்தான் உச்சியிலிருந்து காதுப் பக்கம்வரை ஒரு விரிசல்.

“அம்மாடி” என்றார். டீ வாங்கி வரச் சொல்லி, இரண்டு பேரும் வாசல் படியிலேயே உட்கார்ந்து குடித்தோம்.

மறுநாள் அவருக்குப் புது ஹெல்மெட் எடுத்து வைத்தேன். அடிபட்டதைத் திரும்பப் போடக் கூடாது, அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது விதி. அவரோ பழசைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். விரிசலின் மேல் மூன்று பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம்.

“ணா, இது இனிமே தாங்காது. குடுத்துடுங்க, ஒடச்சிப் போட்டுடலாம்.”

“ஒடைக்கறதா? என் உசுரக் காப்பாத்துனது இது. இத்தப் போயி ஒடைக்கறேன்றியே!”

“புதுசும் இதே கம்பெனிதான், இதே மாதிரிதான்.”

“எப்பிடிம்மா இதே மாதிரி? இது அடி வாங்கி நின்னது. அது இன்னும் ஒரு அடிகூட வாங்கலியே.”

வெகு நேரப் பேச்சுக்குப் பிறகு, பழசு அவர் வீட்டுச் சாமி அலமாரிக்குப் போவதென்றும் புதுசு வேலைக்கு வருவதென்றும் முடிவானது. வேலை முடிகிறவரை ஒரு நாளும் அவர் வெறும் தலையோடு அந்த அறைக்குள் போகவில்லை. ஆனால் புதுசைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மேலும் கீழும் திருப்பிப் பார்த்து, அதன் யோக்கியதை இன்னும் தெரியவில்லை என்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டுத்தான் மாட்டிக்கொண்டார்.