கியர் ராடைப் பிடிக்க ஓர் ஆள்

இன்னிக்கு நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குக் கடலைமூட்டை லாரியில வந்தேன். பெட்ரோல்தான் சண்டைக்குப் போயிருச்சே, பின்னாடி கரி அடுப்பு மாட்டி, அந்தப் புகையில ஓடுற பழைய வண்டி.

புதுச்சத்திரத்துல ஒரு குடியானவர் கையைக் காட்டி நிறுத்தினார். மாசமா இருக்கிற சம்சாரத்துக்கு ரத்தம் நிக்கலையாம். அந்தம்மாவை மூட்டை மேல என் பக்கத்துல படுக்க வெச்சோம். டிரைவர் அவரை முன்னாடி ஏத்திக்கிட்டார்.

"டாப் கியர் நழுவுதுங்க. ராடை அமுத்திப் புடிச்சுக்கோங்க, உட்டுறாதீங்க."

ரெண்டு கையாலயும் பிடிச்சார். "வெரசாப் போறமாங்க?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தார்.

"வேகம் காட்டுற முள்ளும் வேலை செய்யலீங்களே!"

மல்லூர்கிட்ட அந்தம்மா, "ஏனுங்க, இங்க வாங்க"ன்னு கூப்பிட்டாங்க.

அவர் திரும்பாமலே சொன்னார்: "கொஞ்சம் பொறு சாமி. கையை எடுத்தா வண்டி நின்னுரும்."

அப்புறம் அந்தம்மா கூப்பிடவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நின்னும் அவர் ராடை விடலை. நானும் டிரைவருமா விரல்களைப் பிரிச்சோம். அதுக்கப்புறம்தான் அவர் பின்னாடி வந்து பார்த்தார்.

கியர்ப்பெட்டியைச் சரிபண்ணச் சொன்னா, "சண்டை முடியட்டும்"கிறாராம் முதலாளி. அதுவரைக்கும் ராடைப் பிடிக்க ஓர் ஆள் வேணும்.

லாரி நாளைக்கும் போகுது. யாருங்க வர்றீங்க?