ஏழாவது கதவுக்கு ஒரு பார்சல்

இன்று பகல் பன்னிரண்டரைக்கு ஒரு கால்.

"நங்கி, பார்சல் ஒண்ணு இருக்கு. ஒங்க தோட்டத்து ஆபீஸ்லதான் நிக்கிறேன். இங்கயே வச்சிட்டுப் போகவா?"

(பேசியது கூரியர் அண்ணன். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. மீதியை உங்களுக்காகத் தமிழில் போடுகிறேன்.)

பார்சலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். புது ஃபோன்! போன மாதம் நடந்த பெண்கள் மொபைல் கேம் போட்டியில் எங்கள் ஸ்குவாடுக்கு இரண்டாம் இடம். ஆளுக்கு ஒரு ஃபோன் பரிசு.

ஆமாம், நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்துகொண்டு, திரை வெடித்த பழைய ஃபோனைச் சூடு தாங்காமல் ஈரத் துணியில் சுற்றிப் பிடித்து விளையாடித்தான் ஜெயித்தேன். "கேம் விளையாடினா உருப்பட மாட்ட" என்று சொன்ன சொந்தக்காரர்கள் எல்லாரும் இந்தப் பதிவுக்கு ஒரு லைக் போட்டுவிட்டுப் போகவும்!

(ஸ்குவாடில் மற்ற மூன்று பேரும் சிங்களப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் ஏறாத சிங்களம் எனக்கு அங்கேதான் ஏறியது. எதிரி முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டான் என்று கத்த வேண்டிய அவசரத்தில் எந்த மொழியும் வந்துவிடும். மொழிப் பிரச்சினைக்கு மேடை போடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"ஆபீஸ்ல வைக்காதீங்கண்ணே. நான் இன்னக்கி லீவு, வீட்டுலதான் இருக்கேன். இங்கயே கொண்டு வாங்க."

"வீட்டு நம்பர் இல்லியே நங்கி. ரோட்டுப் பேரும் இல்ல. தோட்டத்துப் பேரு மட்டுந்தான் இருக்கு."

இருக்காது. எங்கள் யாருக்குமே இருக்காது. லயத்தில் ஒரு வரிசைக்குப் பத்து வீடு. எந்தக் கதவிலும் நம்பர் கிடையாது. கடிதம், பார்சல் எது வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது எங்கள் பக்கம் வரும்போது கொண்டு வருவார்கள். வரும்போது!

நர்சிங் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத் தேர்வுக் கடிதம் அப்படித்தான் என் கைக்கு வந்தது. தேர்வு முடிந்து ஒன்பதாவது நாள்.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆபீஸ் மேசையில் ஏதோ ஒரு கட்டுக்குள் கிடந்திருக்கிறது. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். இப்போது பதுளையில் ஒரு கொமியூனிகேஷனில், அதாவது ஃபோட்டோகொப்பி, ரீலோட் கடையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கிறேன்.

அதனால் இன்று ஒரே முடிவு. என் பெயர் போட்டு வருவது என் வாசலுக்கு வர வேண்டும்.

அதற்குள் கூரியர் அண்ணனின் ஃபோன், ஆபீஸ் கிளாக்கர் (கிளார்க்) கைக்குப் போய்விட்டது.

"என்னம்மா இது? காலங்காலமா எல்லாம் இங்கதானே வருது. நான் பத்திரமா வச்சிருக்கேன், அந்திக்கு வந்து எடுத்துக்க."

"கோவிச்சுக்காதீங்கய்யா. பத்து நிமிசத் தூரந்தானே? அவரு வரட்டும்."

"ஒன்னு இங்க வைப்பாரு. இல்லாட்டி வெலாசம் பத்தாதுன்னு எழுதித் திருப்பி அனுப்பிருவாரு. புது ஃபோனும்மா, யோசிச்சுக்க!"

பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா வேறு, "ஏன்டி வீம்பு புடிக்கிற? போயி வாங்கிட்டு வந்துரலாம்டி" என்று கையைக் கிள்ளுகிறார்.

"திருப்பி அனுப்புறதுன்னா அனுப்பட்டும்யா. ஆபீஸ்ல வச்சா நான் எடுக்க வர மாட்டேன்."

சொல்லிவிட்டேன்!



கூரியர் அண்ணன் திரும்ப லைனில் வந்தார். "சரி, வழி சொல்லு" என்றார்.

அவ்வளவுதான், நான் ஸ்குவாட் லீடர் ஆகிவிட்டேன்.

"தேயில ஃபெக்டரியத் தாண்டி எடது பக்கம் திரும்புங்க. நேரா மேல. பிள்ளைங்க கத்துற சத்தம் கேக்குதா? அதான் புள்ளக்காம்பரா, வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். ஸ்லோ பண்ணுங்க, அங்க பள்ளம். கோயில்கிட்ட ஒரு நாய் குலைக்கும், அது நம்ம டீம்தான்! ரெண்டாவது லயம், ஏழாவது கதவு. செவப்பு டீ-ஷர்ட் போட்டு வாசல்ல நிக்கிறேன்."

காத்திருந்த நேரத்தில் ஒன்று தோன்றியது. எலெக்ஷனுக்கு வோட்டுக் கேட்டு வருகிறவர்கள் மட்டும் யாரிடமும் வழி கேட்காமல் அடுப்படி வரைக்கும் வந்துவிடுகிறார்கள். ஜெயித்த பிறகுதான் எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று மறந்து போகிறது.

பைக் சத்தம் கேட்டது. லயமே வாசலுக்கு வந்துவிட்டது!

கூரியர் அண்ணன் கையிலிருந்த டேப்லெட்டை நீட்டினார். அதில் ஒரு கட்டம். வீட்டு இலக்கம்.

"இத நெரப்பாம பார்சல் குடுக்க ஏலாது நங்கி. என்ன போட?"

ஏழாவது கதவு. வேறென்ன?

"ஏழுன்னு போடுங்க."

போட்டார். பச்சை டிக் விழுந்தது. பார்சல் என் கையில்! அம்மா கிள்ளிய கையாலேயே என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபோனுக்காக இல்லை.

அப்போது பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா, கொழுந்து பறித்துக் கறுத்த கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். முப்பது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார். ஃபோனைப் பார்க்க வருகிறார் என்று நினைத்துப் பார்சலை நீட்டினேன். அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"பாப்பா, ஒங்களோடது ஏழுன்னா... அப்ப எங்க வீடு எட்டா?"

"ஆமாக்கா. எட்டு."

அக்கா தன் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று போய், பைக்கை ஸ்டார்ட் பண்ணிய கூரியர் அண்ணனை நிறுத்தினார். தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், லயத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"தம்பி, அடுத்த தடவ இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம். எட்டாம் நம்பரு!"