நீலச் சேலையும் சிவப்புக் கோடும்

மரியநாயகி ரீச்சரைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. இருந்தும் எழுதுகிறேன். அவளுக்கு நான் செய்ததை வேறு எவரும் எழுதப் போவதில்லை.

இணுவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் உப அதிபர். எண்பத்து மூன்றில் அந்தக் கதிரையில் இருந்த நாள்முதல் ஆசிரியர்களின் உடுப்புக்கு நான்தான் பொலிஸ். பெண்கள் மடிப்புக் கலையாமல் சேலை கட்ட வேண்டும், கொண்டை போட வேண்டும். ஆண்களுக்கு வெள்ளைக் களிசானும் சப்பாத்தும். தொண்ணூறில் சண்டை தொடங்கி, கொழும்பிலிருந்து சாமான்கள் வருவது தடைப்பட்ட பிறகு ஆண்கள் ரப்பர் செருப்போடு வந்தார்கள். கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன். சேலையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மரியநாயகி குருநகர்க் கடற்றொழில் குடும்பத்துப் பெண். அந்த வருடம் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையில் வீடு நொறுங்கிப் போக, அக்கா மக்டலீனோடு உடுத்த துணியுடன் நல்லூருக்கு ஓடிவந்தவள். அக்காவும் ரீச்சர்தான். இடம்பெயர்ந்த பள்ளிக்கூடங்களுக்கும் இடம் கொடுத்ததால் அப்போது இரண்டு நேரப் பள்ளிக்கூடம். அக்காவுக்குக் கொக்குவிலில் காலை நேரம், தங்கைக்கு எங்களிடம் பின்னேரம். அவள் கணிதம் படிப்பித்தால் கடைசி வாங்குப் பிள்ளையும் கை உயர்த்தும்.

ஆனால் தினமும் பிந்துவாள். பன்னிரண்டே முக்காலுக்கு நான் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறுவேன். பிந்தியவர்கள் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும். அவள் பெயர் எப்போதும் கீழே. உடுப்பும் எப்போதும் ஒரே நீலச் சேலை, சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தில் தோய்த்த மணத்தோடு. ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்.

“உமக்கு மாத்திக் கட்ட வேறை சீலை இல்லையோ? நேரத்துக்கு வாறதும் உங்கடை பக்கத்திலை பழக்கேல்லையோ?”

“இனி வெள்ளன வாறன் ரீச்சர்,” என்றாள்.

‘உங்கடை பக்கம்’ என்று நான் சொன்னது கடற்கரையை. அங்கே நின்ற எல்லாருக்கும் அது விளங்கியது. அவளுக்கும் விளங்கியது.

கோடுகள் இருபது சேர்ந்ததும் கல்விக் கந்தோருக்கு எழுதினேன். அவளைத் தூரத்துத் தென்மராட்சிக்கு மாற்றிக் கடிதம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நல்லூர்க் கோயிலுக்குப் போன நான், பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைக் கொடுத்துவிடலாமென்று அவள் வீட்டுப் படலையைத் திறந்தேன். வீட்டில் போடுகிற பழைய சட்டையோடு, கொண்டை போட்டு, பையைத் தோளில் மாட்டியபடி அவள் றோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. எனக்குப் பின்னால் மக்டலீன் சைக்கிளில் வந்து இறங்கினாள், அந்த நீலச் சேலையில். இருவரும் உள்ளே ஓடினார்கள். வெளியே வந்தபோது சேலை தங்கையின் உடம்பில் இருந்தது. அக்காவின் வியர்வை முதுகுப் பக்கம் இன்னும் காயவில்லை.

“ஒண்டைத்தான் ரெண்டு பேரும் கட்டுறம் ரீச்சர்,” என்றாள் மக்டலீன். “பாவாடை சட்டையோடை வரலாமோ எண்டு உங்களிட்டைக் கேக்க இருந்தவள். பயத்திலை கேக்கேல்லை.”

என் அலுமாரியில் பதினெட்டுச் சேலைகள் இருந்தன. கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய், நான் எழுதியது பிழை என்று கந்தோரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மதிப்பு என்னாவது என்றுதான் நினைத்தேன். கடிதத்தை நீட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அதிபர் அருளம்பலத்திடம் பேசி, பாவாடை சட்டைக்கு அனுமதி வாங்கினேன். ஆசிரியர் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு இருந்தேன்.

தொண்ணூற்றைந்து ஒக்ரோபரில் ஆமி முன்னேறி வர, எங்கள் ஊர்கள் அடங்கிய வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நானும் வீட்டில் போட்டிருந்த சட்டையோடு நடந்தேன். இடம்பெயர்ந்த ஆசிரியர்கள் கிட்ட உள்ள பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். வழி விசாரித்து, அரை மணித்தியாலம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன். கட்டடம் முழுக்க அகதிகள், வகுப்புகள் மாமரத்துக்குக் கீழே. மேசையில் வரவுப் புத்தகத்தோடு மரியநாயகி இருந்தாள். அவள் இப்போது அங்கே உப அதிபர். கையில் அடிமட்டமும் சிவப்புப் பேனையும்.

என் கசங்கிய சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, பக்கத்தின் அடியில் கையெழுத்து வைக்கக் குனிந்தேன்.

“மேலை வையுங்கோ ரீச்சர்,” என்றாள். “இன்னும் கோடு கீறேல்லை.”

மன்னிப்புக் கேட்காமல், அவள் முகத்தையும் பார்க்காமல், அவள் சொன்ன இடத்தில் கையெழுத்து வைத்தேன். அதன் பிறகுதான் அவள் என் பெயருக்குக் கீழே கோட்டைக் கீறினாள்.