பால் மறக்கப் போன பிள்ளை

வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துகொண்டே தபாலில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். மகனுக்கு ஒன்றரை வயது. பாலை விடுவதாக இல்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. தாய் கண்ணில் படாதபடி பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நாள் விட்டுவிடுவார்கள். மணலூர்பேட்டையிலிருந்து அக்கா வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"நானா சொல்லி அனுப்புற வரிக்கும் அந்தப் பக்கம் வராத. உன்னப் பாத்தா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிப்பான்" என்றாள்.

தலையாட்டிவிட்டு அன்று மாலை உளவியல் புத்தகத்தைத் திறந்தேன். என் கெட்ட நேரம், குழந்தை மனசு வளரும் பருவங்களைப் பற்றிய பாடம். முதலாவது வாய்ப் பருவம். அந்த வயதில் குழந்தைக்கு உலகமே வாய்தானாம். பாலைத் திடீரென்று நிறுத்தினால் மனசு அங்கேயே தேங்கிவிடுமாம், வளர்ந்த பிறகும் நகம் கடிக்குமாம், புகை பிடிக்குமாம். கட்டிலில் நகம் கடித்துக்கொண்டிருந்த என் கணவரைப் பார்த்தேன். அடுத்த பருவம் என்ன என்று பக்கத்தைத் திருப்பவே இல்லை.

மறுநாள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. கீழே மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் மலை ஏறவில்லை. வழி திறந்திருந்தால் அக்கா சொன்னபடி பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ, அடைத்துவிட்டார்கள் என்றதும் இருப்புக் கொள்ளவில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு ஜுரம் அடித்தது. "ரெண்டு நாள் அழுவான், அப்புறம் சரியாயிடும்" என்றார் கணவர். நகத்தைக் கடித்துக்கொண்டே அவர் அதைச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மலையிறங்கிய ஒரு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

கள்ளக்குறிச்சி தாண்டி ஒரு புளியமரம் ரோட்டை மறித்துக் கிடந்தது. ஜீப் அதோடு சரி. மரத்தருகே ஆட்கள் கூட்டமாக நின்றார்கள்.

"இன்னாமா, ஊரே நின்னுகினு கீது, நீ எங்க போற?"

"பால் குடிக்கிற புள்ளைங்க. மணலூர்பேட்டையில கீது."

பாலை நிறுத்த அனுப்பிய பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. நனைந்திருந்த என் ரவிக்கையைப் பார்த்த பெரியவர் ஒருவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வுடுங்கடா, போவட்டும்" என்றார். அடுத்த மரம் வரை ஒருவர் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து இன்னொருவர். நடுவில் போலீஸ் வேன் சத்தம் கேட்டதும் சைக்கிள்காரர் சைக்கிளை ரோட்டிலேயே போட்டுவிட்டு மறியல்காரர்களோடு கரும்புக்குள் ஓடினார். நானும் ஓடிப் பதுங்கினேன். மகன் அழுகிற சத்தம் காதிலேயே இருந்தது.

அக்கா வீட்டை அடையும்போது பொழுது சாய்ந்திருந்தது. அவன் அழவில்லை. கிணற்றடியில் அக்கா இடுப்பில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். பிடுங்குகிற மாதிரி வாங்கி மடியில் போட்டு முந்தானையை விலக்கினேன். ஒரு தரம் வாயை வைத்தான். பிறகு தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"பாத்தியா, வுட்டுட்டான்! நீ வந்தும் கேக்கல!" அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அவளை அறையலாம் போல வந்தது. புத்தகம் சொன்ன எதுவும் அவனுக்கு ஆகவில்லை. நான் இல்லாமலே அவனுக்குச் சரியாகிவிட்டது, அதை என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா ஒரு டம்ளரைக் கொடுத்தாள். "பீச்சிட்டு, காலு படாத எடமா பாத்து ஊத்து."

வாழை மரத்துப் பக்கம் திரும்பி நின்று பீச்சி அடிமண்ணில் ஊற்றினேன். பால் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.