சந்தனத்தின் மேல் போட்ட பழி

என் கணவர் பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். எங்கள் கரையில் புதிதாக எது கப்பலேறினாலும், அம்மன் கோயிலில் வைத்துச் சந்தனம் பூசிய பிறகே ஏற்றுவார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்தில் அவர் வாங்கிய இரட்டைக்குழல் சீமைத் தூரக்கண்ணாடிக்கும் பூசினார்கள்.

முதற் பயணத்திலேயே அது ஒன்றை இரண்டாகக் காட்டியது. உத்தரவாதம் இருந்ததால் கடைக்காரர் அதைச் சீமைக்கு அனுப்பினார். மாதக்கணக்கில் காத்திருந்தோம். கண்ணாடியோடு கம்பனியின் பதிலும் வந்தது. இரு குழலையும் இணைக்கும் கீலுக்குள் ஏதோ பசை இறுகிக் கிடந்ததாம், பிழை அதனால்தானாம், துடைத்துவிட்டார்களாம். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லையாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காதருகே பிடித்து ஆட்டினேன். உள்ளே ஏதோ தட்டுப்பட்டது.

"உள்ளுக்கை என்னவோ ஆடுது, கேட்டுப் பாருங்கோ."

"செய்தவங்களை விட உனக்குத் தெரியுமோ? பிழை எங்கடை" என்றார். வெட்கம் அவருக்கு. கரையில் நின்று கண்ணாடியால் கோயில் கோபுரத்தைப் பார்த்தார், ஒன்றாகத்தான் தெரிந்தது. அடுத்த பயணம் கிளம்பும்போது கண்ணாடிக்குச் சந்தனம் பூச விடவில்லை.

கப்பல் திரும்பியது மார்கழி மழையில். எங்கள் கரைக்கு முன்னால் நீருக்குள் முருகைக்கல் பார் திட்டாக நீண்டு கிடக்கும். கப்பல் நுழையும் வழிக்கு இருபுறமும் கம்பம் நட்டிருப்பார்கள். அதில் ஒன்றை முதல்நாள் காற்று கொண்டுபோனது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியாது. மழைப் புகாரில் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று, அவர் கண்ணாடியை எடுத்திருக்கிறார்.

பிழைத்து வந்த சுக்கான்காரன் சொல்லி அழுதான்.

"திரும்பவும் ரெண்டாக் காட்டுதோ அண்ணை எண்டு கேட்டனான், அக்கா. 'உது ரெண்டு கம்பம்தான். குறையில்லை எண்டு கொம்பனிக்காரனே எழுதிப்போட்டான். நடுவாலை விடு' எண்டார்."

நின்றது ஒரே கம்பம். கப்பல் நேரே அது நின்ற கல்லில் ஏறியது. அவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

வருஷம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிந்ததும் தம்பியோடு அந்தக் கடைக்குப் போனேன். காசு கேட்கப் போகவில்லை. பிழை சந்தனத்தில் இல்லை, எங்களில் இல்லை என்று கம்பனிக்கு எழுதச் சொல்லப் போனேன். கடைக்காரர் உத்தரவாதச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி இல்லாமல் ஒண்டும் எழுதேலாது, அம்மா. அதையும் வாங்கினவரே கொண்டு வரவேணும்."

"ரெண்டும் பாருக்குக் கீழைதான் கிடக்குது" என்றேன். "கொம்பனிக்காரரை வந்து எடுத்துப் பாக்கச் சொல்லுங்கோ."