நாரைக்குப் பொறுப்பானவர்

சிங்கம்புணரிப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் அந்தப் பறவை ஆராய்ச்சியாளரை ஒரே ஒரு முறை சந்தித்தேன். வெயிலில் கறுத்த, குள்ளமான பெண்மணி. சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. நானும் அதே துறைதான். அவரைவிட நிறையக் கட்டுரைகள் எழுதியவன், விருதும் வாங்கியவன். அதை எப்படிப் பேச்சில் நுழைப்பது என்று யோசித்தபடியே நின்றிருந்தேன்.

நூறு பறவை இறங்கினால் ஒரு புளியங்கொட்டையை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றிக் கணக்கு வைப்பது அவர் வழக்கமாம். அன்று ஒரு கொட்டைகூட இடம் மாறவில்லை. நாரைகள் இன்னும் வந்து சேரவில்லை.

ஆடு ஓட்டிவந்த வயதான பெண் ஒருவர் நேராக அவரிடம் வந்தார்.

“என்னம்மா, நீங்க மட்டும் வந்திருக்கீக? நாரைகள எங்குட்டு விட்டுட்டு வந்தீக?”

“கோவிச்சுக்காதீக ஆத்தா. மழை பிந்திருச்சுல்ல, வந்துரும்.”

“வராம இருந்தா எப்புடி? அதுக மெரண்டுரக் கூடாதுன்னு எங்க பிள்ளைக தீவாளிக்கு வெடிகூடப் போடுறதில்ல. சொல்லி வைங்க!”

“சொல்றேன் ஆத்தா” என்றார் அவர், தன் வீட்டு ஆள் செய்த தவறுக்குத் தலைகுனிபவர்போல.

எனக்கு வயிறு எரிந்தது. நான் வருடக்கணக்காக ஆராயும் சதுப்பு நிலத்துக்கு ஒரு வருடம் பறவைகள் வரவே இல்லை. அதற்காக என்னை யாருமே திட்டவில்லை.