ஏழுமலையின் வலது கை

கள்ளக்குறிச்சி நீதிமன்ற வராந்தாவில் நின்று வாய்தா மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். குமாஸ்தா ஓடி வந்தார். "சார், ஏழுமலை சார் போயிட்டாருங்க. மலை எறக்கத்துல கரும்பு டிராக்டர் குறுக்க வந்துட்ச்சாம். பைக்க நிறுத்த முடியலன்றாங்க." பிணவறையில் பார்த்தேன். மார்பு நசுங்கிக் கிடந்தது. ஆனால் என் கண் வலது கையில்தான் நின்றது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எப்போதும்போல மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன.

கண்ணாடி மேல் விழுந்து முடங்கிய கை என்று நம் வழக்கறிஞர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அது பொய். இரங்கல் கூட்டத்தில் சொல்ல எழுந்தேன், வேறு ஏதோ பேசிவிட்டு உட்கார்ந்தேன். அதனால் எழுதுகிறேன்.

அரசு சட்டக் கல்லூரி விடுதியில் நானும் ஏழுமலையும் ஒரே அறை. நான் மணலூர்பேட்டை. அவன் கரியாலூருக்கு மேலே ஒரு மலைச் சிற்றூர். மாணவர் தேர்தல் பேனரில் யார் படம் பெரிது என்ற தகராறில் விடுதிக்காரர்களான நாங்களும் வெளியிலிருந்து வரும் மாணவர்களும் ஒரு மதியம் உருட்டுக்கட்டையோடு மோதினோம். ஒருவன் வாயில் சைக்கிள் செயினால் அடித்தேன். பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்கப்போவதில்லை. அவர்கள் பக்கம் இரண்டு மண்டை உடைந்தது. எங்கள் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

அதுதான் சிக்கல். விடுதியில் சட்டப் புத்தகம் பிரிப்பதற்கு முன்பே கற்றுக்கொள்வது எதிர்ப்புகார். அடித்தவனும் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் வழக்கு இருந்தால்தான் சமரசம் நடக்கும். படுப்பதற்குக் காயம் வேண்டும். சீனியர் ஒருவர் எங்கள் அறைக்கு வந்தார். ஏழுமலை சண்டைக்கே வரவில்லை, உள்ளே படித்துக்கொண்டிருந்தான். "இவன் மலைக்காரன்டா, எஸ்.டி. இவனுக்கு ரத்தம் வந்தா வன்கொடுமை கேஸு. அவனுங்களுக்கு ஜாமீனே கெடைக்காது" என்றார். சட்டம் படித்த மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

இரண்டு பேர் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். உடைந்த சோடா பாட்டில் என் கையில். "வேணாம்டா, நீ வேணாம்டா" என்றுதான் கத்தினான். லேசாகக் கீறத்தான் நினைத்தேன். அவன் திமிறினான். ரத்தம் சுவரில் பீய்ச்சி அடித்தது. முன்கை நரம்பு அறுந்துவிட்டது.

யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஆட்டோவிலேயே அவனுக்குப் பாடம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், பக்கத்தில் நோட்டோடு போலீஸ்காரர். "யாருப்பா வெட்டினது?" ஏழுமலை என்னைப் பார்த்தான். அதுவரை எந்தப் புகாரிலும் என் பெயர் இல்லை. அவன் சொல்லியிருந்தால் என் படிப்பும் கருப்பு கோட்டும் அன்றோடு முடிந்திருக்கும். "கண்ணாடி மேல வுழுந்துட்டேன் சார்" என்றான்.

எதிர்ப்புகார் பாழாய்ப் போனது. மண்டை உடைந்தவர்களின் புகாரில் சீனியர்கள் இருவர் சிறைக்குப் போய் ஜாமீனில் வந்தார்கள். வந்த அன்றே அவனைக் கீழே தள்ளி, தையல் பிரிக்காத கையை மிதித்தார்கள். தரையில் கிடந்தபடியே சொன்னான்: "எங்க ஜனத்துக்குன்னு இருக்கறது அந்த ஒரு சட்டம். அத்த உங்க சண்டைக்கு எடுத்துக்கினு வராதீங்க." நான் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தேன்.

பிறகு அதே சட்டத்தை வைத்து மலை ஜனங்களுக்காக வழக்காடினான். இடது கையால் குறிப்பெழுதுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஜோடித்த காயத்தோடு யாராவது வந்தால், "எழுந்து போங்க, நெசமா அடிபட்டவன் வெளிய நிக்கறான்" என்பான்.

ஒருமுறை டீக்கடையில் கேட்டேன்: "என் பேர ஏன்டா சொல்லல?"

"நியாயமா பாத்தா அந்தச் சட்டம் உன் மேலதான்டா பாயணும். சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். நீ கட்டில் கம்பியப் புடிச்சிக்கினு அழுதுக்கினு இருந்த. சரி போன்னு வுட்டுட்டேன்" என்றான். பிறகு, "இன்னா பாக்கற, ஒரு வடை சொல்லு" என்றான்.

அடக்கம் முடிந்ததும் அவன் மனைவி என்னிடம் வந்தார். "அந்தக் கையில பிரேக்க அழுத்த வராதுண்ணா. வண்டி வேணாம்னு எத்தினி தபா சொன்னேன். வழியில கண்ணாடிய வெச்சவன் நல்லா இருப்பானா?" என்று கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மலையிறங்கிவிட்டேன்.

அவனிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தக் கருப்பு கோட்டு. அவன் வாயை மூடிக்கொண்டதால் கிடைத்தது. நாளை காலை அதைக் கழற்றி வைத்துவிட்டு மலையேறுகிறேன். அங்கே கண்ணாடி எதுவும் இல்லை, நான்தான் இருந்தேன் என்று அவன் மனைவியிடம் சொல்ல வேண்டும்.